பதினோரு சுரைக்காயும் இரட்டை விசிலும்

அண்ணா,

இன்று விடிந்ததும் விடியாததுமாக ஒரு திருட்டு வேலை செய்தேன். என் தோட்டத்து வேலியில், யார் கண்ணிலும் படாமல் வளர்த்த ஒரே ஒரு சுரைக்காயைப் பறித்து, பழைய துண்டில் சுற்றி, தக்காளிக் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். சுரைக்கொடியைத் தொட்டால் கையில் ஒரு பச்சை வாசம் ஒட்டிக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. மொபட்டில் சந்தைக்கு வரும் வழியெல்லாம் அந்த வாசமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயந்துகொண்டே வந்தேன். நம் சந்தையில் சுரைக்காய்க்குத் தடை போட்டவரே நீங்கள்தானே!

சங்ககிரி போகும் வழியில் மூடிக்கிடந்த அரிசி மில்லின் சிமெண்டுக் களத்தில், நாங்கள் பதினோரு குடும்பத்தார் ஞாயிறுதோறும் கடை போட ஆரம்பித்தபோது, உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. உங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டு, பொழுது போகாமல் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்க வந்தவர் நீங்கள். வந்தவர் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கடைகளைச் சுற்றிப் பார்த்தீர்கள். நாங்களோ வாயைத் திறந்து நாலு பேரைக் கூப்பிடத் தெரியாமல் ஊமைச்சாமிகளாய் உட்கார்ந்திருந்தோம். உங்களுக்குப் பொறுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து, பஸ் கிளம்புவதற்கு ஊதுகிற மாதிரி இரண்டு தரம் ஊதினீர்கள். ரோட்டில் போனவர்கள் எல்லாம் எங்கேயோ பஸ் கிளம்புகிறது என்று ஓடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து உங்கள் இரட்டை விசில்தான் எங்கள் சந்தைக்குத் திறப்பு விழா.

உங்கள் வீட்டில் நீங்களும் அண்ணியும் இரண்டே பேர். ஆனாலும் பதினோரு கடையிலும் கால் கிலோவாவது வாங்காமல் போகமாட்டீர்கள். "இத்தனையும் எப்படிங்கண்ணா தின்னு தீப்பீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "அம்மிணி, இது பாயிண்ட் டு பாயிண்ட் இல்லீங்க, டவுன் பஸ்ஸு. எல்லா ஸ்டாப்புலயும் நிக்கோணும்" என்றீர்கள். அந்தச் சட்டத்தை வாங்க வருகிறவர்கள் தலையிலும் கட்டினீர்கள். ஒரே கடையில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தவர்களை, டிக்கெட் எடுக்காமல் இறங்கப் போகிறவர்களைப் பார்க்கிற மாதிரி பார்ப்பீர்கள். பாவம், அவர்களும் திரும்பி வந்து பாவாயி அக்காவிடம் ஒரு கட்டுக் கீரையாவது வாங்குவார்கள்.

எங்கள் பெரிய வியாதி உங்களுக்குத்தான் முதலில் பிடிபட்டது. ஒருத்தர் காய் நன்றாக விற்றால் அடுத்த விதைப்புப் பட்டத்தில் மற்ற பத்துப் பேரும் அதையே போடுவோம். அதற்குத்தான் உங்கள் பழைய தோல் பையில் சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கினீர்கள். பட்டத்துக்குப் பட்டம், சீட்டில் யாருக்கு எந்தக் காய் விழுகிறதோ அதுதான் அவருக்கு. எனக்குத் தக்காளி விழுந்தது. பாவாயி அக்காவுக்குக் கீரை. செல்லமுத்து அண்ணனுக்குப் பாகற்காய் விழுந்து, அவர் ஒரு வாரம் உங்களோடு பேசவில்லை.

அந்த ஆடியில் செல்லமுத்து அண்ணன் தன் வேலியில் தானாக முளைத்த கொடி என்று சொல்லி நாலு சுரைக்காய் கொண்டுவந்தார். கீழே வைக்கும் முன்னே நாலும் போய்விட்டன. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமையைப் பார்த்தே நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும் அண்ணா, அதில் மட்டும் நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்.

அதே சமயத்தில்தான் மில்லுக்காரர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். களத்தை லாரி நிறுத்தக் கேட்கிறார்களாம். "புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்கறனுங்க. சந்தை சந்தையாட்டம் இருந்தா நடத்துங்க. இல்லீன்னா லாரிக்காரங்களுக்குக் குடுத்துருவேன்" என்றார். அந்தக் களம் போனால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. பழையபடி மண்டிக்காரர் சொல்கிற விலைக்குத் தலையாட்டிவிட்டு வரவேண்டியதுதான்.

அந்த ஞாயிறும் வந்தது. நான் கூடைகளை இறக்கினேன். ஒரு கூடை தக்காளி, மூன்று கூடை சுரைக்காய். பக்கத்தில் பாவாயி அக்கா சாக்கை அவிழ்த்தார். பத்துக் கட்டுக் கீரை, மிச்சமெல்லாம் சுரைக்காய். தலையைத் தூக்கிப் பார்த்தால், களத்தின் அந்தக் கோடி வரைக்கும் பதினோரு கடையிலும் சுரைக்காய் படுத்திருக்கிறது! அவரவர் சீட்டுக் காய்க்குப் போகவேண்டிய தண்ணீரை எல்லாரும் திருட்டுத்தனமாகச் சுரைக்குத் திருப்பியிருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. மற்ற பத்துப் பேரும் இப்படிச் சீட்டை மீறுவார்களா என்று மனசார ஆத்திரப்பட்டேன்.

நீங்கள் ஒரு கடையிலும் நிற்காமல் முழுக்க நடந்து பார்த்தீர்கள். என்னிடம் வந்து, "ஏனுங்க அம்மிணி, தக்காளிக்காரங்க இன்னைக்கு லீவுங்களா?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குள் மில்லுக்காரர் கார் உள்ளே திரும்பியது. நாங்கள் தொலைந்தோம் என்று இருந்தோம். நீங்கள் விசிலை இரண்டு தரம் ஊதிவிட்டு, தொண்டை கிழியக் கத்தினீர்கள்: "வாங்க வாங்க, இன்னைக்குச் சொரக்கா ஸ்பெஷல்! அடைக்கு ஒன்னு, கூட்டுக்கு ஒன்னு, அல்வாவுக்கு ஒன்னு, பதினோரு தோட்டம், பதினோரு ருசி!"

மில்லுக்காரர் இறங்கி வந்து, "என்னுங்க கண்டக்டரே, எல்லாம் ஒன்னாட்டமே இருக்குது?" என்றார். நீங்கள் கண் சிமிட்டாமல் சொன்னீர்கள்: "டவுன் பஸ்ஸெல்லாம் ஒரே பெயிண்ட்டுதானுங்க. போற ஊருதான் வேற."

கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் நின்றார்கள், நின்றவர்கள் வாங்கினார்கள். புரட்டாசியில் கறி சாப்பிடாத வீடுகள் எல்லாம் அன்று சுரைக்காய்தான் தின்றிருக்கும். மில்லுக்காரர் அல்வாவுக்கு என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு, "நடத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கார் ரோட்டில் ஏறியதும் நீங்கள் ஒற்றை விசில் ஊதினீர்கள். பஸ்ஸை நிறுத்த ஊதுவீர்களே, அந்த விசில். நம் சந்தையில் நீங்கள் அதை ஊதியது அந்த ஒரே தரம்தான். அதற்குப் பிறகு கிடைத்த திட்டை இங்கே எழுதமாட்டேன். முடிவில், இனி இந்தக் களத்தில் யாரும் சுரைக்காயை இறக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, கடைக்கு ஒன்றாகப் பதினோரு சுரைக்காய் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினீர்கள்.

அடுத்த வாரம் வந்து பெருமையாகச் சொன்னீர்கள், "அத்தன சொரக்காய்க்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டானுங்க அம்மிணி! நல்ல கண்டக்டரு. நானா இருந்தாலும் போட்டிருப்பேன்." சுரைக்காய் உங்களுக்கு ஆகாது, சளி பிடிக்கும் என்பதால் வாயிலேயே வைக்கமாட்டீர்கள் என்று அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதுவும் நீங்கள் போன பிறகு, பதினாறாம் நாளன்று. அன்றுதான் விசிலை என் கையில் வைத்து, "நீயே வெச்சுக்க சாமி" என்றார்கள். அதை விதை டப்பாவில் போட்டு மூடினேன். ஒரு வருடம் ஊதவில்லை. எனக்கு மனசு வரவில்லை, அண்ணா. நீங்கள் இல்லாத களத்துக்கு வரவே பிடிக்காமல் இருந்தது.

விசில் இல்லாமல் கூட்டமும் கரைந்தது. போன வாரம் மில்லுக்காரர் மறுபடியும் அதே லாரிப் பேச்சை எடுத்து, இந்த ஞாயிறு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். இந்த வாரம்தான் உங்கள் வருஷத் திதியும். இந்தத் திதியை நினைத்துத்தான் இரண்டு மாசத்துக்கு முன்பே உங்கள் பேரைச் சொல்லி ஒரே ஒரு கொடி போட்டிருந்தேன். விசிலையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

களத்தில் யாரும் பார்க்காதபோது துண்டை அவிழ்த்து, சுரைக்காயைத் தக்காளிக்கு முன்னால் வைத்தேன். அப்போது பாவாயி அக்கா முந்தானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்துக் கீரைக்கு நடுவே வைத்தார். என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். செல்லமுத்து அண்ணன் பாகற்காய்ச் சாக்குக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒவ்வொரு கடையாகப் பார்த்தோம். நீங்கள் கடைசியாகக் குலுக்கிப் போட்ட சீட்டுக் காய் அவரவருக்குக் குறையாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரே ஒரு சுரைக்காய். பதினோரு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் மறுபடியும் அதே தப்பைச் செய்திருந்தோம். சிரிக்க ஆரம்பித்த பாவாயி அக்கா பாதியிலேயே அழுதுவிட்டார்.

மில்லுக்காரர் வந்தார். கடைகளை ஒரு பார்வை பார்த்தார். ஒவ்வொரு சுரைக்காயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு, "இதுல அடைக்கு எதுங்க?" என்று கேட்டார்.

"எங்களுதுங்க" என்றார் பாவாயி அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"சரி, எல்லா ஸ்டாப்புலயும் நிக்கறேன். கடைக்கு ஒன்னு குடுங்க. லாரிக்காரங்க வேற எடம் பாத்துக்கட்டும்" என்றார். இரண்டு கையும் கொள்ளாமல் சுரைக்காயை அணைத்துக்கொண்டு, "விசில் ஊதாம எப்படிங்க சந்தை ஆரம்பிக்கும்?" என்று என்னைப் பார்த்தார். எல்லாரும் என் கழுத்தைப் பார்த்தார்கள்.

ஊதினேன். ஒன்றுதான் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. தராசைத் தூக்கியவர் தூக்கியபடி நின்றார். களத்துக்குள் கால் வைக்க வந்த இரண்டு பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"அம்மிணி, இன்னொன்னு ஊதுங்க!" என்று கத்தினார் செல்லமுத்து அண்ணன். "சந்தையே நின்னு போச்சு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கையில் சுரைக்கொடி வாசம் அப்படியே இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து, இரண்டாவதையும் ஊதினேன், அண்ணா.