உங்கய்யன் சொன்ன சரிங்க

பெருமாநல்லூர்,
சித்திரை 18.

அன்பு மகள் பூங்குழலிக்கு அம்மா மயிலாள் எழுதுவது. நீ அந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சுகமாக இருக்க அவிநாசியப்பன் துணை இருக்கட்டும். நாங்கள் இங்கே சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் கண்ணு, கை வரவில்லை. உடம்பு சுகம்தான், மனசுதான் கொதிக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் கிடாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது. எனக்குக் கம்பெனியில் அதே செக்கிங்தான், பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டையும் கறையும் இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கய்யன் காதில் விழுகிறது, விழுந்தால், "உட்ரு மயிலா, பெரிய எடத்துப் பொல்லாப்பு நமக்கெதுக்கு" என்று என் வாயை அடைத்துவிடுகிறார். இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ அங்கே நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டிவரும். நம் தோட்டத்துக்குக் கிழக்கே நிலக்கரி எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலை வரப்போகிறது என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்களே, நீ அப்போது கோயமுத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய். ஆலைக்குக் கடன் கொடுக்கிற வங்கியிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருந்தாள். அவள் பேசுவதை நமக்கும் நாம் பேசுவதை அவளுக்கும் மாற்றிச் சொல்ல நின்றவன் நம் ஊர்ப் பெரிய வீட்டு ஆறுச்சாமி மகன் தரணீதரன். தெரிந்த பையன்தானே என்று நானே சந்தோஷப்பட்டேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஆலை வரும் என்றான், உங்கய்யன் சரிங்க என்றார். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குட்டையில் தேக்குவோம் என்றான், சரிங்க என்றார். குட்டை உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் என்றான், அதற்கும் சரிங்க. நம்மவர்கள் ஒருவர் பேசும்போது சும்மா மூஞ்சியைப் பார்த்துக்கொண்டா நிற்பார்கள்? கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள் என்பதற்குத்தானே சரிங்க. எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "சரிங்க, ஆனா எங்க கெணறு கெட்டுப் போகுமுங்களே, இது எங்களுக்கு வேண்டாமுங்க" என்று உங்கய்யன் வாயைத் திறந்தபோது மைக் அடுத்த வரிசைக்குப் போய்விட்டது.

ஆலை ஓட ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கிணற்றுத் தண்ணீரை மொண்டு வைத்தால் அரை மணி நேரத்தில் அடியில் கறுப்பாகப் படிகிறது. ஆடுகூட மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. குடிக்கவும் சோறாக்கவும் கேன் தண்ணீர்தான். இப்போது இரண்டாவது யூனிட் கட்டப்போகிறார்களாம், அதற்கும் அதே வங்கி கடன் கொடுக்கப்போகிறதாம். நம் டேனியல் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் போடுகிற வேலையில் இருக்கிறானே, அவன் அந்த வங்கியின் அறிக்கையை எங்கேயோ தேடிப் பிரிண்ட் எடுத்துவந்து படித்துக் காட்டினான். அதில் உங்கய்யன் போட்டோ, கும்பிட்ட கையோடு சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே, விவசாயி ராசப்பன் உட்பட வந்திருந்த எல்லோரும் ஒவ்வொன்றுக்கும் திரும்பத் திரும்பச் சம்மதம் தெரிவித்தார்கள் என்று போட்டிருக்கிறது. யார், எப்போது சம்மதம் சொன்னார்கள் என்று சண்டைக்குப் போனேன். டேனியல் தலையைக் குனிந்துகொண்டு, "மாமா சரிங்கன்னு சொன்னாருங்களே, அதத்தானுங்கக்கா தரணீதரன் சம்மதம்னு மாத்திச் சொல்லிருக்கான்" என்றான்.

அந்தப் போட்டோ ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. காளியாத்தாள் மகள் கல்யாணப் பந்தியில் உங்கய்யன் உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் எழுந்து அடுத்த வரிசைக்குப் போனார். எவ்வளவு வாங்கினாய் என்று யாராவது மூஞ்சிக்கு நேராகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார், யாரும் கேட்கவில்லை. மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மடக்கிவிட்டார். அன்றிலிருந்து உங்கய்யன் சரிங்க என்பதையே விட்டுவிட்டார் சாமி. பால் ஊற்றுகிற இடத்தில்கூட யாராவது ஏதாவது சொன்னால் வாயைத் திறக்காமல் நிற்கிறாராம். முப்பது வருஷமாக நான் எதைப் பொரிந்து தள்ளினாலும் சரி மயிலா, சரி மயிலா என்று கேட்டுக்கொண்டிருந்த மனுசன், இப்போது நான் செவுத்தோடு பேசுகிறேன். அந்த வெள்ளைக்காரம்மாவையாவது பாதி மன்னித்துவிடுவேன், அவளுக்கு நம் பாஷை தெரியாது. தரணீதரனுக்குத் தெரியாதா? அவன் அம்மா வள்ளியாத்தாள் சோறு உண்ண வா என்று கூப்பிட்டால் சரிங்கம்மா என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வருகிறவன்தானே அவன். தெரிந்தே செய்தான், நாசமாய்ப் போக.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே அந்த அம்மாவைக் காரில் கூட்டிக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து இறங்கினான், இரண்டாவது யூனிட்டுக்கும் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு போக. உங்கய்யன் அவனைப் பார்த்ததும் ஆட்டுப்பட்டிக்குள் போய்விட்டார். நான் கோபத்தைக் காட்டவில்லை. நாற்காலி எடுத்துப் போட்டேன். அந்தம்மாவுக்குக் கேன் தண்ணீர் கொடுத்தேன், அவனுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு நிறைய மொண்டு கையில் கொடுத்தேன். "குடிங்க தம்பி" என்றேன். "சரிங்கக்கா" என்று சொம்புக்குள் பார்த்தான். "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க" என்றேன். "சரிங்க, சரிங்க" என்று கீழே வைத்தான். எடுத்து மறுபடியும் கையில் திணித்தேன். "சரிங்கக்கா, இருக்கட்டுங்க" என்றான், முகமெல்லாம் வேர்வை. எனக்கு என்ன வந்ததோ, "குடிடா" என்றேன். பிறந்ததிலிருந்து அந்த வீட்டு ஆட்களை ங்க போடாமல் நான் பேசியதில்லை கண்ணு, அன்றைக்கு அந்த ஒரு டா என் வாய்க்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அந்தம்மா என்ன என்று கேட்டாள், அவன் பல்லைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னான், அவளும் சிரித்து எனக்கு ஒரு கும்பிடு போட்டாள். பக்கத்துத் தோட்டத்துச் சித்ரகலா ஒன்று விடாமல் போனில் வீடியோ பிடித்துவிட்டாள். டேனியல் சர்ச் முடிந்து வந்து அதைக் கேட்டுவிட்டு, தரணீதரன் அவளிடம் இங்கிலீஷில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இந்த அம்மா கட்டாயப்படுத்துகிறார் என்று மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்றான். அந்தக் கோபத்திலும் சிரித்துவிட்டேன். நாலு சரிங்க சொன்னான், ஒரு மடக்கு உள்ளே போகவில்லை. சரிங்க என்றால் என்ன என்று இனி யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, அவனே நடித்துக் காட்டிவிட்டான்.

இனி உன் வேலை. அடுத்த மாதம் அந்த வங்கியின் பங்குதாரர் கூட்டம் நீ வேலை பார்க்கிற ஊரில் நடக்கிறது, அதில்தான் இந்தப் புதுக் கடனைப் பற்றிக் கேட்க முடியும் என்று டேனியல் விசாரித்து வைத்திருக்கிறான். நிலக்கரி வேண்டாம் என்கிற சங்கத்தார் அங்கே இருக்கிறார்களாம், தாங்கள் வாங்கி வைத்திருக்கிற பங்கின் பேரில் உன்னை உள்ளே அனுப்பிப் பேச வைப்பார்களாம். வீடியோவை உனக்கு அனுப்பியாகிவிட்டது, அதில் அவன் பேசுகிற இங்கிலீஷையும் கேட்கும்படி போட்டுக் காட்டு. அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் இதோடு மடித்து வைத்திருக்கிறேன். சம்மதம் என்கிற இடத்தில் ஒரு அம்பு ஸ்டிக்கர், உங்கய்யனுக்குப் பின்னால் மைக்கோடு நிற்கிறானே அவன் மூஞ்சியில் ஒன்று. பிய்த்துவிடாதே, அப்படியே பெரிய தலைகள் கையில் கொடு. நூல் அளவு கறைக்கெல்லாம் பனியன் வாங்குகிற அந்த ஊர்க்காரர்களுக்காக இருபது வருஷமாகப் பீஸை ஆகாது என்று தள்ளியிருக்கிறேன், இந்தக் கறைக்கு அவர்கள் அந்தக் கடனை ஆகாது என்று தள்ளட்டும். நியாயம் கேட்கிறேன் என்று அழகாகச் சொல்ல எனக்கு வராது, நான் பழிதான் வாங்குகிறேன். இரண்டாவது யூனிட் நிற்க வேண்டும், நிறுத்தியது ராசப்பன் மகள் என்று இந்த ஊருக்குத் தெரிய வேண்டும். அடுத்த கல்யாணத்தில் தரணீதரன் உட்கார்ந்தால் பக்கத்து இலை காலியாக வேண்டும். அதைப் பார்க்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய் எதிர்வரிசையில் உட்காருவேன்.

விசாவுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று உனக்குப் பயம் இருக்கும். அந்தச் சங்கத்து வக்கீலிடம் கேட்டுக்கொண்டே செய், கண்ணை மூடிக்கொண்டு குதிக்கச் சொல்லவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நைட் டூட்டி முடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்காதே. கூட்டத்தில் பேசும்போது அந்தப் பாஷையிலும் நம் ங்க மாதிரி ஏதாவது இருந்தால் அதை விட்டுவிட்டுப் பேசு. அவிநாசியப்பன் உன் பக்கம் நிற்பான், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

இன்னொரு காரணம் என்றேனே, அது இதுதான். போன வாரம் போனில் இதை லேசாகச் சொன்னேன், நீ சரிங்கம்மா என்றாய். போனை வைத்த பிறகு அன்றெல்லாம் எனக்கு வேலையே ஓடவில்லை. நீயும் இந்த ஊர்ப் பிள்ளைதானே. கேட்டுக்கொண்டாயா, ஒத்துக்கொண்டாயா என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அதனால் போகிறேன் என்று எழுது, இல்லை, போகமாட்டேன் என்று எழுது, இரண்டையும் தாங்கிக்கொள்வேன். சரிங்கம்மா என்று மட்டும் எழுதிவிடாதே கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா
மயிலாள்