பசித்தால் தானாக வரும்

ஜனவரி 6

என் அன்பு மாட்டுக்காரிக்கு,

இங்கே நலம். ஆய்வகத்தில் தலைக்குமேல் வேலை. இலைச்சாறு கேன்களும், ஏப்பத்தை அளக்கும் பெட்டியும் அனுப்பியிருக்கிறேன். சாற்றைத் தீவனத்தில் கலந்து கொடு. மாடு விடும் ஏப்பத்தில் மீத்தேன் குறைந்தால் பூமியின் சூடும் குறையும், என் வேலையும் நிரந்தரமாகும். அப்புறம் உன்னை இங்கே அழைத்துக்கொள்வேன். வெளிப் பண்ணைக்காரன் என்றால் பாதியில் முரண்டு பிடிப்பான். நீ என்றால் எனக்குக் கவலையில்லை.

உன்னவன்

பிப்ரவரி 2

அன்புள்ள உங்களுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். சாறு ஒரே கசப்பு. நானே நக்கிப் பார்த்தேன். மாடுகள் தொட்டியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன. செவலை பாதிகூடத் தின்பதில்லை. சினையாக இருப்பவளுக்கு இது ஆகுமா? போனில் பேசினாலும் மாடுகளைத்தான் விசாரிக்கிறீர்கள். எனக்கு வந்த காய்ச்சலை நானே விசாரித்து அனுப்பிவிட்டேன்.

உங்கள் மனைவி

பிப்ரவரி 9

மாட்டுக்காரிக்கு,

கோபமா? பழகினால் தின்னும். வேறு தீவனம் வைக்காதே, பசித்தால் தானாக வரும். சினைக்கு ஒன்றும் ஆகாது. மீத்தேன் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆய்வகத் தலைவர் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டினார்.

உன்னவன்

மார்ச் 12

செவலைக்குக் கன்று செத்து விழுந்தது. எடுத்துப் போக விடாமல் அதை நக்கிக்கொண்டே நிற்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள்.

மார்ச் 17

அன்புள்ள உனக்கு,

வருத்தமாக இருக்கிறது. அறிக்கை நேரம், வர வழியில்லை. ஆய்வுக் குழுவிலிருந்து யாராவது கேட்டால், அவள் சினை என்பது நம் இருவருக்குமே தெரியாது என்று சொல். நம் நல்லதுக்குத்தான்.

உன்னவன்

மார்ச் 24

மாட்டு டாக்டர் வந்திருந்தார். "சினை மாட்டை இதுல சேர்க்கவே கூடாதுன்னு விதி இருக்கேம்மா, சார் சொல்லலையா?" என்றார்.

சொன்னால் கணக்கில் ஒரு மாடு குறையுமே. பண்ணைக்காரன் கேள்வி கேட்பான், பெண்டாட்டி நம்புவாள். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அது வாயில்லா ஜீவனின் கழுத்தாகப் போய்விட்டது. நீங்கள் சொன்னீர்கள் என்று அவளைப் பட்டினி போட்டவள் நான். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. மீத்தேன் குறைந்ததாம்! வயிறு காய்ந்தால் எந்த மாடுதான் ஏப்பம் விடும்?

மிச்சச் சாற்றைச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். நடந்ததை நடந்தபடி உங்கள் தலைவருக்கு எழுதிவிட்டேன். வேலை போகலாம். போகட்டும்.

செவலை இன்று கொஞ்சம் வைக்கோல் தின்றாள். நீங்கள் வர வேண்டாம். என்னிடம் கேட்க உங்களுக்கு மாடுகளைத் தவிர வேறு எதுவும் இருந்ததில்லை. இனி அதுவும் தேவைப்படாது.

இப்படிக்கு,
நான்