மஞ்சள் அட்டைக்கு நான் சொன்ன வர்ணனை

மே 7, 1994. சனி

கத்திரி வெயில். காலை எட்டு மணிக்கே தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. இரண்டாவது நாளாகத் தண்ணீர் லாரி இல்லை.

நாளை ஃபுட்பால் அரையிறுதி. மைக் செட் பாபுவிடம் சொல்ல வேண்டியவை:
ஒரு ஸ்பீக்கர் கிழக்குப் பக்கம். போன வாரம் கோவிலைப் பார்த்துக் கட்டிவிட்டான், ஸ்கோரை சாமிதான் கேட்டிருப்பார்.
வயர் இன்னும் கொஞ்சம் நீளம்.
எலுமிச்சம்பழம் நாலு, என் தொண்டைக்கு. (இது ஸ்டெல்லாவிடம்.)

ஸ்டெல்லா: "வாரம் பூரா டூல் ரூம்ல வாயே தொறக்கறதில்ல. ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறீங்க." என் மனைவி பொய் சொல்வதில்லை. மண்ணூர்பேட்டை மைதானத்தில் பதினோரு வருஷமாக வர்ணனை நான்தான்.

நாளைக்கு பம்பு கம்பெனி டீமும் பூந்தமல்லி டீமும். பம்பு கம்பெனியின் லெஃப்ட் அவுட் எங்கள் தெரு தனசேகர். இரண்டு வருஷமாக அங்கே கேஷுவல் லேபர். இந்தப் போட்டி முடிந்ததும் பெர்மனென்ட் என்று கம்பெனியில் வாய்வார்த்தை. அவன் அப்பா முனுசாமி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர், தெரு முழுக்க இப்போதே சொல்லிவிட்டார். மைக்கில் நான் பொது ஆள். மனசுக்குள் எந்தப் பக்கம் என்று எழுதத் தேவையில்லை.

மே 8, ஞாயிறு

தோற்றோம். 1–0. தோற்றது பெரிசில்லை.

ரெஃப்ரியின் இன்றைய சாதனைகள் (இனி ரெ. என்றே எழுதுகிறேன், அந்த ஆளுக்கு முழு வார்த்தை தண்டம்):
1. சேகர் போட்ட கோல் ஆஃப்சைடு. லைன்ஸ்மேன் கொடியே தூக்கவில்லை.
2. பூந்தமல்லி தடுப்பாட்டக்காரன் கோல் வாயில் பந்தைக் கையால் தட்டினான். மைதானமே பார்த்தது. ரெ. ஷூ லேஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
3. பூந்தமல்லி 4ஆம் நம்பர். முதல் பாதியிலேயே மூன்று பேரின் காலை வாரினான். மூன்று தடவையும் "ப்ளே ஆன்".

கிழக்குக் கோட்டில் நின்ற ஜனம் கத்திய கத்தலில் என் ஸ்பீக்கரே அமுங்கிப் போனது. "யோவ் விசிலு, கண்ண ஊட்டுல வச்சுட்டு வந்தியா?" அது மட்டும் தெளிவாகக் கேட்டது. எனக்கும் அதே கேள்விதான், மைக்கில் கேட்க முடியாது.

அடுத்தது. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாம் பாதி. எனக்கு எதிர்க்கோடி, கிழக்கே கால்வாய் ஓரம். சேகர் பந்தோடு ஓடினான். 4ஆம் நம்பர் பக்கவாட்டில் வந்து விழுந்தான். புழுதி. சேகர் கீழே. விசில். நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ரெ.-யின் கையைப் பார்த்தேன். பதினோரு வருஷப் பழக்கம்: விசில் கேட்டால் கண் ரெஃப்ரி கைக்குப் போகும், கை காட்டுவதை வாய் சொல்லும். கையில் மஞ்சள் அட்டை. காட்டியது சேகருக்கு. நடிக்கிறானாம்.

நான் மைக்கில் சொன்னது, அப்படியே: "நடிப்புக்கு மஞ்சள் அட்டை! நம்ம சேகருக்கு சினிமா சான்ஸ் உறுதிங்கோ!"

என் பக்கத்து ஜனம் முழுக்க சிரித்தது. நானும் சிரித்தேன். மைக் வழியாக.

எழுந்திரு எழுந்திரு என்று ரெ. கையை ஆட்டினார். அவன் எழவில்லை. கிழக்குப் பக்கத்து ஆட்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். பெஞ்சில் போட்டுத் தூக்கி என் மேஜையைக் கடந்துதான் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே கால் வேறு திசையில் இருந்தது.

மே 9, திங்கள்

வேலை ஓடவில்லை. ஒரு டை அச்சைத் தப்பாகத் தேய்த்து வீணடித்தேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. இரண்டு எலும்பும் போய்விட்டது. தொடை வரை மாவுக்கட்டு, மூன்று மாசமாவது ஆகும். சேகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கொண்டுபோன ஆரஞ்சு மேஜையிலேயே கிடந்தது.

முனுசாமி வராந்தாவில். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வயதில் பெரியவர், எழுந்திருக்க வேண்டியதில்லை.

"இன்னா சார், புள்ள உயிரு போவுதுன்னு கத்திகினு கீறான். நீ மைக்ல சிரிக்கிற?"

"தெரியாம சொல்லிட்டேன், அண்ணாத்தே. நான் காலைப் பாக்கல."

"பாக்காத ஆளுக்கு எதுக்கு சார் மைக்கு?"

பஸ் வரவில்லை என்று நடந்தே வந்தேன். வந்தாலும் நடந்திருப்பேன்.

மே 10, செவ்வாய்

கரன்ட் கட், இரண்டு மணி நேரம். ஸ்டெல்லா தைக்கக் கொடுத்த ஜாக்கெட் இன்னும் டெய்லர் கடையில். வாங்க மறந்தேன், திட்டு.

சாப்பாட்டு நேரத்தில் பம்பு கம்பெனி டீம் கேப்டன் எங்கள் ஃபாக்டரி கேட்டுக்கே வந்துவிட்டான். விஷயம் இதுதான். கம்பெனிக்காக ஆடும்போது எதிராளி மோதி அடிபட்டால் கம்பெனிப் பொறுப்பு, வேலை இருக்கும். தானே விழுந்து அடிபட்டால் கேஷுவல் ஆளின் பேரை லிஸ்டிலிருந்து எடுத்துவிடலாம். பர்சனல் ஆபீசர் கேட்டது ரெஃப்ரி ரிப்போர்ட்டை. ரிப்போர்ட்டில் ரெ. எழுதியிருப்பது: "மேற்படி ஆட்டக்காரர் மோதல் ஏதுமின்றித் தாமாக விழுந்து பாசாங்கு செய்ததால் எச்சரிக்கப்பட்டார்." அதற்குக் கீழே ஒரு வரி: "வர்ணனையாளரும் இதனை ஒலிபெருக்கியில் அறிவித்தார்."

வர்ணனையாளர் என்பது நான்.

கேப்டன் போகும்போது சொன்னது: "அண்ணே, அந்தாளு எழுதுனத கூட அடிச்சுப் பேசலாம். ஒங்க பேச்ச எப்டி அடிக்கிறது? எல்லார் காதுலயும் உழுந்துச்சே."

எலும்பை உடைத்தது 4ஆம் நம்பர். வேலையை உடைக்கப் போவது ரெ.-யும் நானும். கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்று பிரிக்க முடியவில்லை. பாதி என் மேல்தான்.

மே 12, வியாழன்

போட்டிக் கமிட்டி கூட்டம், பள்ளிக்கூட வகுப்பறையில். சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். செயலாளர் ஜோசப் சார், ரிட்டயரான டிரில் மாஸ்டர்.

நான் கேட்டது ஒன்றுதான். ரிசல்ட் மாற வேண்டாம், மேட்சை மறுபடி ஆட வேண்டாம். மோதல் நடந்தது என்று கமிட்டி ஒரு வரி எழுதித் தரட்டும்.

ஜோசப் சார்: "ரெஃப்ரி முடிவே இறுதி. இத மாத்துனா அடுத்த வருஷம் எந்த ரெஃப்ரியும் நம்ம மைதானத்துக்கு வர மாட்டான் அருளப்பா."

"இவர் வராம இருந்தா நல்லதுதானே சார்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஜோசப் சார் சிரிக்கவில்லை. ஃபைனலுக்கும் அதே ரெ.-தானாம். வர்ணனையாளர் ரெஃப்ரியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, திறந்தால் மைக் கிடையாது என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி என்னிடம் கையெழுத்தும் கேட்டார்.

போடவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன். அவர் தன் பேனாவை நீட்டினார். அப்போதும் போடவில்லை.

மே 14, சனி

அரை நாள் வேலை. சைக்கிள் பஞ்சர். மாம்பழம் வந்துவிட்டது, புளிப்பு.

மறுபடி ஆஸ்பத்திரி. இன்று சேகர் பேசினான். ஃபவுல் கொடுக்காததுகூடப் பரவாயில்லையாம்.

"அந்த நாலாம் நம்பரு ஆடுனாலே அப்டித்தான், தெரிஞ்சிதான் எறங்குனேன். ஆனா கீழ கெடக்கறேன், ஊரே சிரிக்குது. இன்னாடா இது, நெஜமாவே நடிக்கிறோமான்னு எனக்கே டவுட்டாப் பூட்ச்சு அண்ணாத்தே."

வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அழுதேன். பஞ்சர் சைக்கிளைப் பார்த்து அழுகிறான் என்று யாராவது நினைத்திருப்பார்கள்.

ஸ்டெல்லாவிடம் நாளைக்குச் செய்யப்போவதைச் சொன்னேன். யோசித்தாள். "மைக் போயிடும்." "போகட்டும்." "அப்போ ஞாயித்துக்கிழமை எங்கிட்டதான் கத்துவீங்க." கொஞ்சம் கழித்து: "கோடு போட்ட பேப்பர் நாலு பீரோல இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

மே 15, ஞாயிறு

ஃபைனல். பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும். எங்கள் டீம் இல்லை, ஆனாலும் எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் கிழக்குக் கோட்டில். 4ஆம் நம்பர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஒரே குரல்: "காலு! காலு! காலு!" பதினைந்தாவது நிமிஷத்தில் அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

எதையும் மிகைப்படுத்தாமல் எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மைக்கை எடுத்தேன். சொன்னது: "எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை இதே மைக்குல தனசேகர் நடிக்கிறார்னு சொன்னேன். நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பார்க்காம சொன்னேன். அவருக்குக் கால்ல ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கு. அது ஃபவுல். ரெஃப்ரி எழுதினது தப்பு, நான் சொன்னதும் தப்பு. கண்ணால பார்த்தவங்க இடைவேளையில என் மேஜைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

கிழக்குப் பக்கம் கூச்சலில் வெடித்தது.

ரெ. மைதான நடுவிலிருந்து நேராக என் மேஜைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "மைக்க ஆஃப் பண்ணு" என்றார் பாபுவிடம்.

பாபு: "சுச்சு அங்க கீது சார், டிரான்ஸ்ஃபார்மராண்ட. நீங்களே போயி அமுக்குங்க." சுவிட்ச் அவன் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது.

அப்போது ரெ. பாக்கெட்டில் கை விட்டு மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிற, டயர் செருப்பு போட்ட, நாற்பத்தொரு வயது டூல் ரூம் ஃபிட்டருக்கு. மைதானமே விசிலடித்தது. நான் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு மைக்கில் அறிவித்தேன், அது என் வேலை: "வர்ணனையாளருக்கு மஞ்சள் அட்டை."

ஜோசப் சார் வந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஆட்டம் முழுக்க அவரே வர்ணனை. பேர்கள் தெரியாமல் "அந்த நீல சட்டை, இந்த நீல சட்டை" என்றார். இரண்டு டீமும் நீலம்.

இடைவேளையில் மேஜைக்கு வரிசை. கையெழுத்து, கைநாட்டு, மூன்று பேர் இங்கிலீஷில். ஒரு பூந்தமல்லிக்காரரும் போட்டார், டீம் பேரையும் சேர்த்து எழுதினார். "ஆட்டம் வேற, காலு வேற சார்" என்றார். மடக்கி வைக்கும்போது எண்ணினேன், நூற்றுப் பதினேழு. ஸ்டெல்லா கொடுத்த பேப்பர் போதவில்லை, கடைசிப் பத்து பேர் பாபுவின் பில் புத்தகத்தில்.

பூந்தமல்லி ஜெயித்தது. ஒரு பெனால்டி. அதைப் பற்றியும் நிறைய சொல்லலாம்.

மே 16, திங்கள்

லீவு போட்டேன். முனுசாமி, கேப்டன், நான். பம்பு கம்பெனி. பர்சனல் ஆபீசர் கண்ணாடி போட்டவர், மரியாதையானவர், காபி வேறு. பேப்பர்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"மிஸ்டர் அருளப்பன், அன்னைக்கு நடிப்புன்னு சொன்னதும் நீங்க. இன்னைக்கு இல்லைங்கறதும் நீங்க. நான் எதை நம்பறது?"

"அன்னைக்கு ரெஃப்ரி கையைப் பார்த்துச் சொன்னேன் சார். இதுல இருக்கறவங்க எல்லாம் காலைப் பார்த்தவங்க. என்னை நம்ப வேணாம், அவங்களை நம்புங்க."

முனுசாமிக்கு நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை. இப்போது எக்ஸ்ரே படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எம் புள்ள நடிக்கிறான்னா, இந்த எலும்பும் நடிக்குதா சார்?"

ஆபீசர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம். பிறகு மணி அடித்து டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். எழுத்தில் கிடைத்தது: அடிபட்டது கம்பெனி ஆட்டத்தில், கட்டுப் பிரிக்கும்வரை பேர் எடுக்கப்படாது, பெர்மனென்ட் பற்றி அதற்குப் பிறகு. முழு வெற்றி இல்லை. கேப்டனுக்குத் திருப்தி இல்லை. எனக்கும் இல்லை. முனுசாமி அதை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

கேட்டைத் தாண்டியதும் என்னிடம் பீடி நீட்டினார். நான் பீடி குடிப்பதில்லை. குடித்தேன். இருமல்.

மே 18, புதன்

வெயில் குறையவில்லை. தண்ணீர் லாரி வந்தது, எட்டுக் குடம்.

கமிட்டியிலிருந்து கடிதம், ஜோசப் சார் கையெழுத்து. ஒழுங்கீனம். வர்ணனைப் பொறுப்பிலிருந்து நீக்கம். ஆனாலும் பதினோரு வருஷச் சேவையைக் கருதி ஒரு வாய்ப்பு: பாதிக்கப்பட்டவரிடம் எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்டு, நகலைக் கமிட்டிக்கு அனுப்பினால் அடுத்த வருஷம் பரிசீலிக்கப்படும். பாதிக்கப்பட்டவர் யார் என்று பேர் போடவில்லை, ஜோசப் சார் மனசில் இருப்பது ரெ.-தான்.

ஸ்டெல்லா படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "எழுதப் போறீங்களா?"

எழுதினேன். சாப்பிட்டதும் உட்கார்ந்து, ஒரே மூச்சில், அடித்தல் இல்லாமல். நகலும் எடுத்துவிட்டேன், நாளைக் காலை ஜோசப் சாருக்கு. அசல் இப்படி ஆரம்பிக்கிறது:

"அன்புள்ள தனசேகருக்கு, மே 8ஆம் தேதி நீ நடிக்கவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி பொய் சொன்னவன் நான். என்னை மன்னித்துவிடு."