கல்லில் வேண்டாம் அவன் பெயர்

சேசு மரி சூசை துணை

சைகோன், கான் ஹொய்
1955 அக்டோபர் 9, ஞாயிறு

அன்பு மகள் ஜெர்மேனுக்கு அம்மா ரோசாலி எழுதுவது. வில்லியனூர் மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நல்ல சுகம், எனக்கு மட்டும் உன் கடிதம் வந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து கோபம் இறங்கவில்லை. நீயும் மாப்பிள்ளை லூசியேனும் குட்டிப் பெண்ணும் சுகமாயிருக்க வேண்டும் என்று மன்றாடிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், ஏனென்றால் எழுத ஆரம்பித்தபின் மன்றாடப் பொறுமை இருக்காது. மாசமாயிருக்கிற பெண்ணிடம் கோபப்படாதே என்று அப்பா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். நான் கோபப்படவில்லை, கேட்கத்தான் செய்கிறேன். உன் தம்பி அகுஸ்தேன் செத்துவிட்டான் என்று உனக்கு யாரடி சொன்னது?

யாரும் சொல்லவில்லை, நீயாகவே கண்டுபிடித்திருக்கிறாய். பாஸ்போர்ட்டுக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட போட்டோவில் ஒன்றை உனக்கு அனுப்பினோம் அல்லவா, அதில் அம்மா வெள்ளைப் புடவையில் இருக்கிறாள், காதில் ஒன்றுமில்லை, தலையில் பூவில்லை, அப்பா பக்கத்தில் உயிரோடு நிற்கிறார், ஆகவே போனது தம்பிதான் என்று கணக்குப் போட்டுவிட்டாய். பிள்ளையுண்டான பெண்ணுக்குச் சாவுச் செய்தி எழுத மாட்டார்கள், எனக்குத் தெரியாதா நம் வீட்டு வழக்கம் என்று பெருமை வேறு. வழக்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. உன் முதல் பிரசவத்தின்போது காரைக்கால் சித்தப்பா இறந்ததை மறைத்தோம், அவருக்கு இருமல் மட்டும் இருக்கிறது என்று உன் அப்பா மாதாமாதம் எழுதினார், செத்த மனுஷனுக்கு இருமல். இன்னொரு முறை வந்தாலும் அப்படித்தான் செய்வோம், வயிற்றில் இருக்கிற பிள்ளை பதறக் கூடாது. அதற்காக நாங்கள் எழுதுகிற நல்ல செய்தியெல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்வதா? பட்டாளத்துக்குப் போன தம்பியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை என்று எழுதினால் தகவல் இல்லை என்றுதான் அர்த்தம். வெள்ளைப் புடவை நான் மாதாவுக்குச் செய்த நேர்ச்சை. அவன் வீட்டுக்குள் காலடி வைக்கிறவரை நிறத்துணியும் நகையும் பூவும் தொடுவதில்லை என்று போன வருஷம் வேண்டிக்கொண்டேன். நேர்ச்சையை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய முடியுமா? உனக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். பிரான்சில் உங்கள் ஊர்ப் பொது ரொட்டி அடுப்பு எந்த ராஜா காலத்தில் கட்டியது, சனிக்கிழமை யார் வீட்டு மாவு முதலில் உள்ளே போகும் என்று நாலு பக்கம் எழுதத் தெரிகிறது, உன் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுத இடம் இருக்காது, இதைக் கேட்கவும் இடம் இருக்காது.

கேட்காமல் நீ நேரே சாமியாரிடம் போனாய். அவர் மரித்தவர் பூசை வைத்தார். சண்டைக்காலத்தில் ஜெர்மன்காரன் கையில் சிக்காமல் சாணிக் குழியில் புதைத்துக் காப்பாற்றினார்களாமே, அந்தக் கோயில் மணியை ஆம்பிளைச் சாவுக்கு அடிக்கிற மாதிரி மும்மூன்றாக என் பிள்ளைக்கு அடித்தார்கள். நாற்பது வீட்டு ஊர், மாடும் மனுஷரும் ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிற ஊர், உருளைக்கிழங்கு பிடுங்குகிற வேலையைப் போட்டுவிட்டு மழையில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள் என்று எழுதியிருக்கிறாய். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஆளுக்கொரு ரொட்டி கொண்டுவந்து உன் வாசலில் வைத்தார்களாம். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். நம் ஜனங்களும் அதைத்தானே செய்வார்கள். அந்த ஊரில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் கவலைப்பட்டேன், அந்தக் கவலை கொஞ்சம் விட்டது. ஆனால் ஜெர்மேன், உயிரோடு இருக்கிறவனுக்கல்லவா அந்த ரொட்டியெல்லாம் வந்தது! எதிர்வீட்டு மதார் பீவியிடம் சொல்லி ஆற்றாமைப்பட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "சாவுன்னு பொய்ச் சேதி வந்தா ஆயுசு கெட்டிங்க்கா, புள்ள நூறு வருஷம் இருப்பான், நீங்க கவலப்படாதீங்க" என்றாள். அதை நானும் நம்புகிறேன். அதனால் மணி அடித்ததை மன்னித்துவிட்டேன், பூசையையும் மன்னித்துவிட்டேன்.

கல்லைத்தான் மன்னிக்க மாட்டேன். கோயில் வாசலில் சண்டையில் செத்தவர்கள் பெயர் செதுக்கியிருக்கிற போர்க் கல்லைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய், பதினோரு பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு சிலுவை போட்டு இங்கேதான் தம்பி பெயர் வரும் என்று எழுதியிருக்கிறாய், நவம்பர் பதினோராம் தேதி கொடியேற்றுகிறபோது திறக்கிறார்களாம், அதற்கு அப்பாவின் சம்மதக் கையெழுத்து வேண்டுமென்று மேயர் கொடுத்த தாளையும் உள்ளே மடித்து வைத்திருக்கிறாய். எங்கள் ஊர் மருமகளின் தம்பி எங்கள் ஊர்ப் பிள்ளைதான் என்று அவர் சொன்னாராமே, நல்ல மனுஷர், அவருக்கு என் வணக்கத்தைச் சொல். அந்தப் பதினோரு பேரும் அந்த மண்ணை உழுதவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் தினமும் பால் கொண்டுபோய்க் கொடுக்கிற வழியில் அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள். அவர்களுக்குச் சேதி வந்தது, செதுக்கினார்கள். எனக்குச் சேதி வரவில்லையே. இங்கே பட்டாள ஆபீசில் கொடுத்த காகிதத்திலும் காணவில்லை என்றுதான் போட்டிருக்கிறது. அவன் பட்டாளக் கம்பெனியில் இருந்த ஆந்துவான் எதிரிகளின் சிறையிலிருந்து திரும்பி வந்து இதே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டுச் சொன்னான், "தியன் பியன் பூ கோட்டை விழுந்தப்புறம் ஆத்தைக் கடக்கும்போது பார்த்தேம்மா, காலுல ஜோடு இல்ல, ஆனா நடந்துக்கிட்டுத்தான் இருந்தான், இன்னொருத்தன் மூட்டையையும் சேர்த்துத் தூக்கிக்கிட்டு" என்று. நடந்துகொண்டிருந்தவனைக் கல்லில் நிறுத்தி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உன் அப்பா எனக்குத் துணையாக நிற்பார் என்று நினைக்காதே. கஸ்டம்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுப் பழகிய கை, அந்தத் தாளைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ரோசாலி, கொஞ்சம் ரோசன பண்ணிப்பாரு, பிரான்சுக்காரன் இங்கேருந்து மூட்டை கட்டுறான், பாண்டிச்சேரியும் கைமாறிப்போச்சு, நாமளும் போயிட்டா அவன் பேரச் சொல்ல எந்த ஊர்ல யாரு இருக்கா? அங்கயாவது வருஷத்துக்கு ஒருக்கா நாலு பேர் வாய்விட்டுப் படிப்பாங்கல்ல" என்றார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் இடுப்புச் சொருகலில்தான் இருக்கிறது, தூங்கும்போது தலையணைக்கு அடியில். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு இந்த வேலை வைத்துவிட்டாய். அந்தத் தாளைக் கையெழுத்தில்லாமல் இதோடு திருப்பி அனுப்புகிறேன். தபால் கையில் கிடைத்த அன்றே மாப்பிள்ளையை மேயர் வீட்டுக்கு அனுப்பு, நீ அந்த உடம்போடு சேற்றில் நடக்காதே. சிற்பி கோடு கீறியிருந்தால் அதை அழிக்கச் சொல்.

எப்போது வருகிறீர்கள் என்று கேட்டிருக்கிறாய். இந்த வருஷம் சித்திரை வெயிலில் எங்கள் தெருமுனைவரை சண்டை வந்து, வாய்க்கால் ஓரத்து வீடுகளெல்லாம் எரிந்தபோதே நான் நகரவில்லை, இப்போது எப்படி வருவேன்? அவனுக்குத் தெரிந்தது இந்தக் கதவு ஒன்றுதான். மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்து அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார்களாமே, சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொல், அதில் வெங்காயம் காயப்போடச் சொல். மதார் பீவி குடும்பம் துணிக்கடையைக் காலி செய்துவிட்டு அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறது. போகிறவள் கையால் ஒரு புடவை எடுத்துக்கோங்கக்கா என்று பச்சை, அரக்கு எல்லாம் பிரித்துப் போட்டாள். நான் இரண்டு வெள்ளை எடுத்துக்கொண்டு வந்தேன். எதற்கு இரண்டு என்று உன் அப்பா கேட்கவில்லை. நல்லவேளை கேட்கவில்லை.

உனக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையுமாக எழுந்திரு, மாதா உன் தலைமாட்டில் நிற்கட்டும். சுக்கும் மிளகும் பூண்டும் தனிப் பொட்டலமாக வருகிறது, பிள்ளை பெற்றதும் சம்பந்தியம்மா சொல்கிறாள் என்று பச்சைத் தண்ணீர் குடிக்காதே, துணி துவைக்கிற அந்த ஊர்ப் பொதுத் தொட்டி ஓரத்தில் போய் முட்டி போடாதே. கடைசியாக ஒன்று, இதை மறந்தால் எனக்கு மகளே இல்லை. ஆண்பிள்ளை பிறந்தால் அகுஸ்தேன் என்று வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். மாப்பிள்ளையின் அப்பா பேரை வை, அந்த ஊர்க் கோயில் புனிதர் அர்ச்சியசிஷ்டர் பேரை வை, எதை வேண்டுமானாலும் வை. கல்லிலும் வேண்டாம், தொட்டிலிலும் வேண்டாம், அந்தப் பெயருக்கு ஆள் இருக்கிறான்.

பேத்திக்கும் மாப்பிள்ளைக்கும் என் முத்தங்களும் ஆசீரும்.

இப்படிக்கு,
உன் அம்மா
ரோசாலி ரேமோன்

அடியில் தானும் ஒரு வரி எழுதுகிறேன் என்று உன் அப்பா பேனாவைக் கேட்கிறார். கொடுப்பதாக இல்லை.