இருபத்தேழாம் பக்கத்துக் கட்டம்

லிங்கி,
சனிக்கிழமை.

அன்புத் தங்கை மரியகொரெட்டிக்கு,

உன் அண்ணன் யூஜின் எழுதுவது. கூச்சிங் மடத்தில் நீயும் மற்ற சிஸ்டர்மாரும் சுகமாக இருக்க ஆண்டவர் துணை செய்வாராக. நாங்கள் சுகமாக இல்லை. வருடத்துக்கு நான்கு கடிதம்தான் உனக்கு அனுமதி என்று தெரியும். இது ஐந்தாவது. தடுக்காமல் உன் கையில் கொடுக்கும்படி மதருக்கும் ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

உன் அண்ணி கிளாரிஸ் ஆறு நாளாக வார்டில் கிடக்கிறாள். வயிற்றுக்குள் கிருமி. வயிறு கல்லாகிவிட்டது, போர்வை பட்டால்கூடக் கத்துகிறாள். ஈஸ்டர் கடிதத்தில் எழுதினேனே, கிட்னி இரண்டும் போய், வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே தண்ணீர் மாற்றுகிறோம் என்று. ஒரு பை மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும், சில மணி நேரம் கழித்து வடித்து எடுக்க வேண்டும், நாளுக்கு நான்கு தடவை. அந்த வேலை என்னுடையது. அதில்தான் தவறு செய்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்ப் புத்தகம் கொடுத்தார்கள். அறுபது பக்கம். உனக்குத்தான் என்னைத் தெரியுமே. பாதர் எஸ்டேட் கோயிலுக்கு மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் வாசகமும் மன்றாட்டு மாலையும் இருபது வருடமாக என் குரல்தான். அந்தப் புத்தகத்தையும் அப்படியே எடுத்தேன். தினமும் முதல் பக்கத்திலிருந்து, சத்தமாக, ராகம் தப்பாமல். முடிந்ததும் கிளாரிஸ் ஆமென் போட்டுச் சிரிப்பாள். புத்தகத்தைத் திறக்காமல் நான் ஒப்பித்ததைக் கேட்ட நர்ஸ் மிஸி, பாகுஸ் என்று கட்டைவிரலைக் காட்டினாள். செம்பனை லோரி ஓட்டுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? எனக்குத் தலை கனத்துவிட்டது.

இருபத்தேழாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. இடப்பக்கம், வடிந்த தண்ணீர் எப்படி இருக்கிறது என்று ஐந்து வரி. வலப்பக்கம், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஐந்து வரி. மன்றாட்டு மாலையில் என் பங்கை நான் சொல்வேன், பதிலைச் சனங்கள் சொல்வார்கள். அந்தப் பழக்கத்தில் இடப்பக்கத்தை மேலிருந்து கீழே மனப்பாடம் செய்தேன். பிறகு வலப்பக்கத்தை மேலிருந்து கீழே. பத்து வரியும் எனக்குத் தெரியும். எது எதற்குப் பதில் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

போன சனிக்கிழமை காலை, தண்ணீர் அரிசி கழுவினது போல வந்தது. கிளாரிஸ் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஏங்க, கெரோவா இருக்கு, அந்தப் புத்தகத்த எடுத்து ஒரு தடவ பாருங்க லா என்றாள். எனக்குத் தலைகீழாத் தெரியும்டி என்று சொல்லிவிட்டேன். அடுத்த பையைக் கவனிக்கவும் என்ற வரி தானாக வாயில் வந்தது. அது, தண்ணீரில் நூல் போல ஏதாவது மிதந்தால் செய்ய வேண்டியது. கெரோவாக இருந்தால் அந்தப் பையோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கெரோ எனக்குத் தெரியாத சொல்லா, கொரெட்டி? மழை பெய்து லிங்கி ஆறு கலங்கினால் நாம் சொல்கிற சொல்தானே? இரண்டு நாள் அடுத்த பை, அடுத்த பை என்று கவனித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை காய்ச்சலில் அவளுக்குப் பேச்சு குழறிய பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

வார்டில் மிஸி அந்தப் பக்கத்தைத் திறந்து, கெரோ என்ற இடத்தில் விரலை வைத்து, குறுக்கே வலப்பக்கத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சின்ன வயதில் நீ என் புத்தகத்தைப் பிடுங்கி மூடிவிட்டு, வாசிச்சது என்னா, உன் சொந்த வாயால சொல்லு என்பாய். நான் அதே வரியை இன்னும் சத்தமாகச் சொல்வேன். நீ தலையில் அடித்துக்கொள்வாய். இங்கே எஸ்டேட் லயத்து வீடுகளில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். நேற்றுகூடத் தாயம்மா ஏதோ நோட்டீஸோடு வந்து நின்றாள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். இத்தனை வருடம் என்னிடம் கேட்டுப் போனவர்கள் என்னத்தைப் புரிந்துகொண்டு போனார்களோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது.

இப்போது கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி இன்னொரு மலாய்த் தாள் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பக்கம். டாக்டர் வேகமாகச் சொல்லிவிட்டு, விளங்கியதா, பஹாமா என்று கேட்டார். பஹாம் என்று தலையாட்டிவிட்டேன், பழக்க தோஷம். வியாழக்கிழமைக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் குழாயை எடுக்க ஆப்பரேஷன், பிறகு ரத்தத்தைச் சுத்தம் செய்ய மெஷின் என்பது மட்டும் விளங்கியது. போனில் படம் எடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். குழாய் ராஜினாமா செய்யும் என்று வந்தது. கிளாரிஸைக் கேட்டால், நீங்க படிச்சுச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடுறேன் என்கிறாள்.

நேற்று முழுவதும் நீ சொன்ன மாதிரி ஒரு வரி படித்து, தாளை மூடி, என் வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டாம் பக்கம் நடுவில் நின்றுவிட்டேன். அங்கேயும் ஒரு கட்டம். அதில் மரண ஆபத்து என்று இருக்கிறது. குழாயை எடுத்தால் அந்த ஆபத்தா, எடுக்காமல் விட்டாலா? மிஸியிடம் கேட்டேன், பொறுமையாகத்தான் சொன்னாள். விளங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமையும் எனக்கு விளங்கியது போலத்தான் இருந்தது. என் புத்தியை நம்பி இவளை இன்னொரு தடவை விட என்னால் முடியாது.

கிளாரிஸுக்கு என் தவறு இன்னும் தெரியாது. பார்க்க வருகிறவர்களிடம், எங்க வீட்டுக்காரரு ஒரு வரி விடாம படிச்சாருலா, ஆண்டவருதான் சோதிக்கிறாரு என்கிறாள். நான் பக்கத்தில் நின்று பிளாஸ்க்கைத் திறந்து திறந்து மூடுகிறேன். சொல்லத்தான் வேண்டும். அவள் பிழைத்து எழுந்தால் சொல்கிறேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். மடத்துக்குப் போன் போட்டால் உன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றுதான் இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், செவ்வாய்க்குள் கிடைத்துவிடும்; ஆனால் நீ பதில் எழுதினால் வியாழனுக்குள் வந்து சேராது. மதர் காலில் விழுந்தாவது ஒரே ஒரு தடவை போன் செய். நம்பரை நகலின் மேலே எழுதியிருக்கிறேன்.

கடிதம் கிடைத்ததும் நீ கோயிலுக்குள் ஓடுவாய், எனக்குத் தெரியும். வேண்டாம்மா. முழங்கால் போடுவதற்கு முன் அந்தத் தாளை எடு. குறுக்கே விரல் வைத்துப் படி. எங்களுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் பிறகு ஜெபம் செய். முதலில் படி, கொரெட்டி.

போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அண்ணன்,
யூஜின்