எடுக்காமல் விட்ட சிரிப்பு

ஜூலை 12, சனி

காலையிலிருந்து புழுக்கம். மத்தியானம் நாலு தூறல், தரை கூட நனையவில்லை. நைட் டூட்டி முடிந்து வந்தும் தூக்கமில்லை. துணி ஊறுகிறது. கேஸ் புக் பண்ண மறுபடியும் மறந்தாயிற்று.

மாலை மேரி சிஸ்டரோடு சினிமா, செங்கல்பட்டிலேயே. என் வார்டிலேயே நர்ஸ், டிக்கெட்டும் அவள்தான். "அழுவுற படம்டி, கர்ச்சீப் எடுத்துக்கோ" என்றாள். சினிமாவுக்கெல்லாம் அழுகிற ஆள் நானில்லை. வார்டில் பார்ப்பதே போதும்.

நல்ல படம். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வயதான நடிகர் ஒருவர். ஷூட்டிங் நடுவில் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வருகிறது. அதைப் படிக்கும்போதும் மேக்கப்காரர் பவுடர் ஒற்றிக்கொண்டே இருக்கிறார். நடிகரும் ஒற்ற வசதியாக முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படிக்கிறார். அவர் நடித்துக்கொண்டிருக்கும் படத்திலும் அவர் சாக வேண்டும். படத்துக்குள் ஒரு படம். எதில் சாகிறார், எதில் நடிக்கிறார் என்று நமக்கே குழம்புகிறது, அவருக்கும் குழம்புகிறது. ஒரு நாள் கேரவனில் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "மூச்சு தெரியுதா?" என்று உதவியாளனைக் கேட்கிறார். "தெரியுது சார்." "நல்லது" என்கிறார். தியேட்டரே சிரித்தது, பிறகு அப்படியே அடங்கிப்போனது.

பிணத்தைக் குளிப்பாட்டும் காட்சி ஒன்று, ரொம்ப நேரம், பாட்டு கிடையாது, தண்ணீர் சத்தம் மட்டும். கடைசியில் சிரிப்பு விஷயம். சினிமாவில் பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அதையும் எடுத்து வைப்பார்கள். இல்லையென்றால் ஆகாது என்று ஒரு வழக்கம். சினிமாவில் வேலை பார்க்கும் அண்ணன் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்த நடிகரிடம் டைரக்டர் "சார், ஒரே ஒரு சிரிப்பு" என்று கெஞ்சுகிறார். அவர் சிரிக்காமல் எழுந்து நடந்து போய்விடுகிறார். அவ்வளவுதான் படம். யாரும் உடனே எழுந்திருக்கவில்லை.

மேக்கப்பையும் மெச்ச வேண்டும். வலது காறை எலும்புக்குக் கீழே, கீமோ மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் போர்ட். இடம் சரி, மேடு சரி, தையல் தழும்பு கூடச் சரி. மற்ற படங்களில் ட்ரிப்ஸையே ஒழுங்காக மாட்ட மாட்டார்கள். "வெவரம் தெரிஞ்சவங்கள வெச்சி செஞ்சிருக்காங்க" என்றேன் மேரியிடம். மேரி அழுதுகொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

வெயில். மீன் வாங்கினது: வஞ்சிரம் இல்லை, சங்கரா.

படத்தைப் பற்றிச் சொல்ல அண்ணனுக்கு மூன்று தடவை ஃபோன். எடுக்கவில்லை. சேகரண்ணன் அந்த நடிகராக நடித்த ஹீரோவுக்கு ரொம்ப வருஷமாக டூப். முதுகு, கை, பைக், தண்ணீரில் குதிப்பது எல்லாம் இவன். இருப்பது மாமல்லபுரத்தில். ஒவ்வொரு படம் வந்ததும் முதல் ஃபோன் எனக்குத்தான், "பாப்பா, ரெண்டாவது ஃபைட்டுல மாடியிலேர்ந்து குதிக்கிறது நான்." இந்தப் படத்துக்கு மூச்சு விடவில்லை. அண்ணியைக் கேட்டால், "அதுல அவருக்கு வேலயே இல்ல கலா" என்று அவசரமாகச் சொல்லி, பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். மத்தியானம் இரண்டு மணிக்கு என்ன பால்?

ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் சொன்னது: "அந்த ஹீரோ பாடையில படுக்கவே மாட்டாராமே. எங்க கல்பாக்கம் பஸ்ல பேசிக்கினாங்க. டூப்தான் போட்டிருப்பாங்க."

சட்டென்று உறைத்தது. குளிப்பாட்டும் காட்சியில் தலையே தெரியவில்லை. அப்படியானால் பிணம் எங்கள் அண்ணன். கள்ளன், வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் விட்டிருக்கிறான். நன்றாகக் கிண்டல் பண்ண வேண்டும். செவ்வாய் ஆஃப். இன்னொரு தடவை பார்த்து, குறிப்பெடுத்துக்கொண்டு போய்ப் பேசுகிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலைக் காட்சி, தனியாக. சிரிக்கத் தயாராகப் போய் உட்கார்ந்தேன். குளிப்பாட்டும் காட்சி பாதத்தில் ஆரம்பிக்கிறது. கால் கட்டைவிரல் இரண்டையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருக்கிறது. இடது விரலின் நகம் இரண்டாகப் பிளந்த நகம். சின்ன வயதில் அண்ணன் காலில் அம்மிக் குழவி விழுந்து, அன்றிலிருந்து அப்படித்தான் வளர்கிறது. சத்தமாகவே சிரித்துவிட்டேன். முன் சீட்டு அம்மா திரும்பி முறைத்தாள்.

காமிரா மேலே போனது. முழங்கால். வயிறு. கை. நெஞ்சு.

போர்ட்.

இது அண்ணன் உடம்பு. அதில் போர்ட் இருக்கிறது. ரப்பர் என்று ஒரு நிமிடம் என்னை நானே ஏமாற்றிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றித் துணியால் தேய்க்கிறார்கள், தோல் அந்த மேட்டின் மேல் நகர்கிறது. ரப்பரை ஒட்டினால் தோலோடு ரப்பரும் சேர்ந்து போகும். ஓரத்தில் ரத்தம் கட்டி ஆறின மஞ்சள். தினம் தொடுகிற சமாசாரம், எனக்குத் தெரியாதா? அதைத்தான் சனிக்கிழமை மேக்கப் என்று மெச்சினேன். மெச்சினேன்!

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பாப்கார்ன் விற்கிற அம்மா, "இன்னாக்கா, மயக்கமா கீதா? சோடா தரட்டா?" என்றாள். வாங்கி, குடிக்காமல் கையில் வைத்திருந்தேன்.

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் குக்கர் எத்தனை விசில் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

ஜூலை 16, புதன்

லீவு சொல்லிவிட்டு மாமல்லபுரம் பஸ். கடல் காற்று, கண்ணெல்லாம் மணல்.

கதவைத் திறந்த அண்ணி என் முகத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு கலா. நீ நர்ஸு, ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போயிடுவன்னு."

அண்ணன் பின்பக்கம் கடற்கரையில், ஒரு படகு நிழலில். இளைத்திருந்தான். பொங்கலுக்குப் பார்த்தபோது ஏதோ டயட் என்றான், நம்பினேன்.

"படம் பாத்தேன்."

"எப்பிடி கீது?"

"நல்லா கீது. பொணம் பிரமாதம்."

சிரித்தான். நான் அவன் சட்டை மேல், வலது பக்கம், விரலை வைத்தேன். சிரிப்பு நின்றது.

"மேக்கப்பு பாப்பா."

"என்கிட்டயா?"

குடலில். சென்னையில் காட்டி, போர்ட் வைத்து, இரண்டு தடவை மருந்து ஏறியிருக்கிறது. அப்புறம் போகவே இல்லை. "போர்ட் அடைச்சிக்காம மாசாமாசம் மருந்து விட்டு ஃப்ளஷ்ஷாவது பண்ணியா?" என்றேன். "அப்பிடின்னா இன்னா?" என்றான்.

ஷூட்டிங்கில் சட்டையைக் கழற்றியதும் டைரக்டர் பார்த்திருக்கிறார். இவன் ஹார்ட்டுக்கு வைத்தது என்று புளுகியிருக்கிறான். டைரக்டருக்கு ஒரே சந்தோஷம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். "என்னுத ஃபோட்டோ புடிச்சிதான் ஹீரோவுக்கு ரப்பர்ல செஞ்சாங்க. இது ஒண்ணுல மட்டும் அவருதான் எனக்கு டூப்பு" என்றான். அதில் ஒரு பெருமை வேறு.

"ஏண்டா போகல?" அண்ணனை டா போட்டது இதுதான் முதல் தடவை. அவனும் கவனிக்கவில்லை.

மணலைக் கிண்டிக்கொண்டே சொன்னான். "அவரு பாடையில படுக்க மாட்டேன்னுட்டாரு. மொகத்துக்கு மட்டும் ஒரு ஷாட், அதுவும் நாற்காலில சாஞ்சிகினு. அதுக்கே கட் சொன்னதும் சிரிக்க வெச்சி எடுத்தாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க. நான் பாதி நாள் பாடையில கெடந்தேன் பாப்பா. என்னிய யாரும் சிரிக்கச் சொல்லல. தலதான் ஃப்ரேமுலயே இல்லியே. கேக்க வெக்கமா இருந்துச்சி. ஈரத் துணியோட நின்னுகினே இருந்தேன், லைட்டெல்லாம் அணைச்சிட்டாங்க."

"அதுக்கு?"

"அடுத்த வாரம் மருந்துக்குப் போவணும். பஸ் ஸ்டாண்டு வரிக்கும் போனேன். முடிஞ்சி போன ஆளுக்கு இன்னாத்துக்கு மருந்துன்னு திரும்பிட்டேன்."

கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். ஒரு சிரிப்பு எடுக்கவில்லை என்று உயிரை விடுவானா ஒரு மனுஷன்? மாடியிலிருந்து குதிக்கிறவன், இதற்குப் பயந்து ஒளிந்திருக்கிறான். கத்தினேன். படித்துப் படித்துச் சொன்னேன். "நீ படிச்சவ, ஒனக்கு அப்பிடித்தான் கீது" என்று எழுந்து போய்விட்டான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் சீட். ஊர் எதுவும் கண்ணில் படவில்லை.

ஜூலை 18, வெள்ளி

மழை. கொடியில் துணி அத்தனையும் நனைந்தது.

எங்கள் டாக்டரிடம் பேசினேன். விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம், இன்னும் தள்ளினால் சொல்ல முடியாது, போர்ட்டையும் பார்த்தாக வேண்டும் என்றார். திங்கட்கிழமை, சென்னை, அவரே பேசி வைத்துவிட்டார்.

அண்ணனுக்கு ஃபோன். முடியாது. அண்ணி வாங்கி அழுதாள். மறுபடி அவன். முடியாது, முட்டுக்காட்டில் படகு ஷாட் இருக்கிறதாம், முதுகு வேண்டுமாம். முதுகுதான் மிஞ்சும் என்றேன்.

அப்புறம் என் வாய் தானாகச் சொன்னது. "சரி. விட்டுப்போன சிரிப்ப நான் எடுக்கறேன். எடுத்தா வருவியா?"

வைத்துவிட்டான் என்று நினைத்தேன்.

"மொறயா எடுக்கணும்" என்றான். "வெறுமன சிரிச்சா ஆவாது. படுக்கணும். காலு கட்டணும். கட் சொல்லணும்."

சரி என்றேன். வைத்த பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது. வார்டில் எத்தனை பேருக்குக் கால் விரல் கட்டியிருக்கிறேன். பக்கத்தில் மேரியோடு பேசிக்கொண்டே கட்டுவேன்.

ஜூலை 21, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், கையெழுத்து கோணல். பக்கத்தில் அண்ணன் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறான். பை: ஃபைல், பிஸ்கட், இரண்டு லுங்கி. மூடின வானம், மழை வரலாம்.

ஞாயிறு இரவே மாமல்லபுரம் வந்துவிட்டேன். இன்று விடிந்ததும் ஹாலில் பாய். சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். அண்ணி பார்க்க மாட்டேன் என்று அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வார்டிலிருந்து புண்ணுக்குக் கட்டுப் போடும் காஸ் துணி கொண்டுபோயிருந்தேன். இழுத்தால் அவிழ்கிற மாதிரி பூ முடிச்சு போட்டேன். தலையைத் தூக்கிப் பார்த்து, "பொணத்துக்கு யாராவது இப்பிடி கட்டுவாங்களா? ஒழுங்கா கட்டு" என்றான். அவிழ்த்துக் கட்டினேன். பிளந்த நகம் விரலுக்கடியில் தட்டுப்பட்டது.

தலை முழுசாக ஃப்ரேமில் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டான். இருக்கிறது என்றேன். ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஆக்‌ஷன் சொன்னேன்.

மூச்சை நிறுத்திவிட்டான். நெஞ்சு அசையவில்லை, வயிறு அசையவில்லை. இமை கூட இல்லை. எனக்குத் தெரிந்த முகம்தான், வேலையில் தினம் பார்க்கும் முகம், அது அவன் கழுத்தின் மேல் இருந்தது. அந்த ஹீரோவுக்கு இதில் பாதி வராது. கட் சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. நான் சொல்லாமல் அவன் எழுந்திருக்க மாட்டான் என்று தெரியும், தெரிந்தும் வரவில்லை. கதவு திறந்த சத்தம். அண்ணி, "கலா, சொல்லு கலா" என்றாள்.

"கட்!" கத்திவிட்டேன். தெருநாய் குரைத்தது.

கண்ணைத் திறந்தான். கால் கட்டோடு எழுந்து உட்கார்ந்து, நேராக ஃபோனைப் பார்த்துச் சிரித்தான். பல்லெல்லாம் தெரிய, போர்ட் குலுங்க, இத்தனை வருஷம் எந்தப் படத்திலும் யாரும் பார்க்காத முகம்.

"போதுமா பாப்பா? வாய் நோவுது. பஸ்ஸு போயிடும்."

இன்னும் கொஞ்சம் என்றேன்.