கிறிஸ்டோவின் இடது கை

ஸ்பெயின்
செப்டம்பர் 28

பிரியமான அம்மாவுக்கு,

ரெனிட்டா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ 'என்னது, என்னது' என்பாய், கடைசியில் இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு வைப்போம். முப்பது வருஷம் மில் இரைச்சலுக்குள் நின்ற காதைக் குறை சொல்லி என்ன பண்ண? அதனால் வழக்கம்போல் எழுதி, படம் எடுத்து, பக்கத்து வீட்டு ஜெயசித்ரா அக்கா போனுக்கு அனுப்புகிறேன். ஆனால் இந்தத் தடவை அக்காவை வாசித்துக்காட்டச் சொல்லாதே. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீயே வாசி.

இங்கே வெயில் நம் ஊரைப்போலத்தான் அடிக்கிறது. வேலை ஒரு கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில். ஏறக்குறைய தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுக்குள்ளேயே நடந்த சண்டையில் சுட்டுக் கொன்றவர்களை, மதில் ஓரம் ஒரே குழியில் போட்டு மூடியிருக்கிறார்கள். அவர்களை எடுத்து, யார் யார் என்று கண்டுபிடித்து, வீட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். முதல் வாரம் எலும்பின் பக்கமே விடவில்லை. நீ அரிசியில் கல் பொறுக்குவதுபோல் குனிந்தே இருந்து மண் சலித்தேன். ஒரு பல் கிடைத்தது, சட்டைப் பொத்தான் ஒன்று கிடைத்தது. பிறகுதான் குழிக்குள் இறக்கினார்கள். மண்ணை விலக்க மூங்கில் குச்சியும் பிரஷும்தான். இரும்பு பட்டால் கீறல் விழும். சாகும்போது பட்ட காயமா, நாம் போட்ட கீறலா என்று பிறகு குழப்பம் வரும்.

இங்கே இன்னொரு சட்டமும் உண்டு. குழி ஓரத்தில் வீட்டார் வந்து நிற்கும்போது மாணவர்கள் அழக்கூடாது. அது அவர்களுடைய துக்கம், நாம் முந்திக்கொண்டு அழுதால் அவர்கள் நம்மைத் தேற்ற வேண்டிவரும் என்றார் எங்கள் ஆசிரியை மார்த்தா. சரிதான் என்று தலையாட்டினேன். மறுநாளே ஒரு வயதானவர் வந்தார். அவர் தாய் வயிற்றில் இருந்தபோதே தகப்பனைக் கொண்டுபோய்விட்டார்களாம். குழியில் இருந்து எடுத்த ஒரு செருப்பின் அடிப்பாகத்தைக் காட்டினோம். அவர் தன் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கும் இதே அளவுதான் என்று சொல்லிச் சிரித்தார். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வேனுக்குப் பின்னால் போய்விட்டேன்.

போன வாரம் எனக்கு மேசை வேலை. கழுவிக் காயவைத்த எலும்புகளை, ஆள் படுத்திருப்பதுபோல் வரிசையாக அடுக்க வேண்டும். நான் அடுக்கியவருக்கு இடது முன்கை எப்போதோ முறிந்து கோணலாக ஒட்டியிருந்தது. மார்த்தா தன் கையை நீட்டிக் காட்டி, இவரால் உள்ளங்கையை முழுசாக மேல்பக்கம் திருப்ப முடிந்திருக்காது என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

தம்பி கிறிஸ்டோவின் நினைப்பு வந்துவிட்டது அம்மா. பள்ளிக்கூடச் சுவரில் இருந்து விழுந்து இடது கையை முறித்துக்கொண்டு வந்தானே. கட்டுப் போடுகிறவரிடம் போய் முட்டை பூசித் துணி சுற்றிக்கொண்டு வந்தோம். கட்டை அவிழ்த்த அன்று எல்லோரிடமும் 'கை சரியாப் போச்சு' என்று சொன்னோம். ஆனால் புதுநன்மைக்கு, கோயிலில் முதல் தடவையாக அப்பம் வாங்கப் பழக்கும்போது, இடது உள்ளங்கையை மேலே காட்டி வாங்கு என்று சிஸ்டர் எத்தனை தடவை அடித்தார்கள்! அவனுக்குத் திரும்பினால்தானே. கடைசியில் சாமியாரே பாவப்பட்டு நாக்கில் வைத்தார். வளர்ந்த பிறகும் நாக்கில்தான் வாங்கினான்.

அவன் காணாமல் போனபோது போலீஸ் அடையாளம் கேட்டது. கழுத்தில் மச்சம், நீலச் சட்டை என்று சொன்னோம். கையைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நம்மைப் பொறுத்தவரை அது சரியாகிப்போன கை. எலும்பில் மச்சம் இருக்காது அம்மா.

செண்பகத்தோப்பு ஓடையில் மணல் சரிந்து எலும்புகள் கிடைத்ததையும், ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் வந்து பரிசோதனைக்கு உன் ரத்தம் கேட்டதையும், நீ அவர்களை வாசலோடு அனுப்பியதையும் அக்கா சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். என் ரத்தத்தை வைத்தும் பார்க்கலாம், ஆனால் பெற்றவள் ரத்தம்தான் தெளிவாகச் சொல்லும். அவன் பைக் அந்த ஓடைப் பக்கம்தான் கிடந்தது, அவன் காணாமல் போன அன்றைக்கு மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்தது என்பதும் உனக்குத் தெரியும். கோட்டயம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்ததாகச் சொன்னவரை நான் பொய்யர் என்று சொல்லவில்லை. அந்த எலும்பு அவனில்லை என்றால் மறுபடியும் தேடுவோம். நானும் உன்னோடு வருகிறேன்.

போய் ரத்தம் கொடு. இடது முன்கையைப் பார்க்கச் சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்பு மகள்,
ரெனிட்டா


ராஜபாளையம்
அக்டோபர் 9

சீமைக்குப் போய் எலும்பு அடுக்கும் என் மகள் ரெனிட்டாவுக்கு, அம்மா பரிபூரணம் ஆசீர்வாதத்தோடும் கோபத்தோடும் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. குழியில் இருந்து ஏறினால் கையைச் சோப்பு போட்டுக் கழுவு, தலைக்குக் குளி. கோயிலில் ஒருத்தி என்னிடம், 'ஒம் மக பெரிய படிப்புனு போயி கல்லறையில குழி தோண்டுதாளாமே' என்று கேட்டாள். 'ஆமா, ஒனக்கும் ஒண்ணு தோண்டச் சொல்லவா'ன்னு கேட்டுவிட்டேன். இப்போது என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள்.

உன் கடிதத்தை நானேதான் வாசித்தேன். வாசித்துவிட்டு இரண்டு நாள் மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். எலும்பில் மச்சம் இருக்காது என்று எழுத உனக்கு எப்படிட்டி மனசு வந்தது? பெற்றவளுக்கு எழுதுகிற வார்த்தையா அது? இந்த மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவன் சுகத்துக்காக வேண்டச் சொல்லித்தான் கருத்து வைக்கிறேன். செத்தவர்கள் பேரோடு அவன் பேரை ஒரு நாளும் வாசிக்க விட்டதில்லை. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவனோடு வேலை பார்த்த பையன்கள் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால், அவன் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் வாங்குகிறேன். நீ ஒரு வரியில் எழுதிவிட்டாய்.

அந்தக் கோபத்தோடுதான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். ரத்தம் கொடுக்கப் போகவில்லை, அது என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். ஜெயசித்ராவும் கூட வந்தாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அம்மா நல்ல மாதிரிதான். 'உக்காருங்கம்மா, செத்த நேரத்துல போயிரலாம், தண்ணி குடிங்க' என்று சொன்னதை ஜெயசித்ரா என் காதில் கத்திச் சொன்னாள். பிறகு அவர்களே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே ஒரு டாக்டர், உன் வயசுதான் இருக்கும். 'தம்பி, எனக்கு மத்ததெல்லாம் காட்ட வேண்டாம். எடது முன்கைய மட்டும் காட்டுங்க. எம் மகன் இல்லன்னு சொல்லிட்டுப் போயிருதேன்' என்றேன். அவருக்கு என்ன தோன்றியதோ, இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டே இரண்டு எலும்பு. அம்புட்டுத்தான். பார்க்க எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கறுத்துப்போய், ஓடையில் கிடக்கிற குச்சி மாதிரி இருந்தது. இது யார் கையோ என்றுதான் நினைத்தேன். எனக்குச் சந்தோஷம்கூட வந்தது, உன்னிடம் சொல்வதற்கு என்ன.

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். உறை மாட்டிக்கொண்டுதான் தொடலாம் என்றார். அவரே மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை சனிக்கிழமை அவனுக்கு எண்ணெய் தேய்ப்பேனே, உனக்கு ஞாபகம் இருக்கும். முழங்கையில் இருந்து கீழே இழுத்துவிடும்போது, மணிக்கட்டு வருவதற்கு முன்னால் என் பெருவிரல் ஒரு மேட்டில் ஏறி இறங்கும். 'அங்க அழுத்தாதம்மா, கூசுது' என்று கையை உருவிக்கொண்டு ஓடுவான். கண்ணுக்குத் தெரியாத மேடு அது. நான் கண்ணை மூடிக்கொண்டு விரலை இழுத்தேன். ஏறி இறங்கியது.

கையுறையைக் கழற்றி வைத்தேன். அழவில்லை. சேலையை ஒதுக்கி என் கையை நீட்டினேன். எடுத்துக்கோங்க என்றேன். ஊசி போட்டது எனக்கு உறைக்கவே இல்லை.

பஸ் ஸ்டாண்டில் ஜெயசித்ரா அவள் பாட்டுக்குப் போய் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தால் வாங்காமல் போகக்கூடாது என்று கை தானாகப் போயிருக்கிறது. வாங்கின பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'யம்மா, அறிவே இல்ல எனக்கு' என்று அழ ஆரம்பித்தாள். வீட்டுக்கு வந்துசேருகிறவரை அவளைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிவிட்டது. உங்கள் டீச்சர் சொன்னது சரிதான்.

முடிவு வர நாளாகுமாம். அதுவரை எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று இன்ஸ்பெக்டர் அம்மா சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். இந்த ஞாயிறும் அவன் சுகத்துக்காகத்தான் கருத்து வைத்தேன். சாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். காகிதம் வருகிற வரைக்கும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லறைத் திருநாள் வருகிறது. அப்பா கல்லறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். பக்கத்து இடத்தையும் சேர்த்துச் சுத்தம் பண்ணச் சொன்னேன். எதுக்கு என்று கேட்டான். புல் மண்டிக் கிடக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

நீ பதறி அடித்துக்கொண்டு ஓடி வந்துவிடாதே. உன் மேசையில் படுத்திருக்கிற அந்த மனுஷனைப் பாதியில் விட்டால் பாவம். கோணல் கையோடு அவனையும் ஒருத்தி வளர்த்திருப்பாள். அவனை முழுசாக அடுக்கிக் கொடுத்துவிட்டு வா. ஆனால் வராமல் இருந்துவிடாதே. இங்கே ஒரு பெட்டியில் போட்டுத்தான் கையில் தருவார்களாம். எல்லாம் கலந்து கிடக்கிற பெட்டியை அப்படியே குழியில் இறக்க என்னால் முடியாது ரெனிட்டா. நீ வந்து அவனைப் படுத்திருக்கிற மாதிரி அடுக்கு. வேறு யாரையும் நான் தொட விடமாட்டேன். இடது கையை அவனுக்கு எம்புட்டுத் திரும்புமோ அம்புட்டு மட்டும் திருப்பி வை. நேராக்கப் பார்க்காதே, பிள்ளைக்கு வலிக்கும்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அங்கே அழக்கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினாய். நம் வீட்டில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது. நானும் இன்னும் அழவில்லை. நீ வரட்டும் என்று இருக்கிறேன்.

உன் அம்மா,
பரிபூரணம்